மேற்படி நபர்

உக்காருங்க அம்மணி. அந்தச் சேர் ஆடும், பயந்துக்காதீங்க, உழுகாது. கரண்டு பன்னெண்டு மணிக்குத்தான் வருமாம், ஜெராக்ஸ் கடைக்காரன் இப்பத்தான் சொல்லிட்டுப் போறான். உங்களுக்கு விசாரணை பகல் மூணு மணிக்குத்தானுங்களே? நெம்ப நேரம் கெடக்குது. நோட்டீசக் குடுங்க, பாக்கறேன்.

ம். பத்தொம்பதாம் பிரிவு. 'தங்களது ஓட்டுநர் உரிமத்தை ஏன் தற்காலிகமாக ரத்து செய்யக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்குமாறு...' அதேதான். ஆளு மாறும், வண்டி மாறும், வரி மட்டும் மாறாது. உங்களுது என்ன வண்டிங்க? குட்டியானையா? அட! குட்டியானை ஓட்டற பொம்பளையாள நான் இப்பத்தான் பாக்கறேன். தண்ணி கேன் போடறீங்களா? செரி செரி. லைசென்ஸ் போச்சுன்னா பொழப்பே போச்சு, இல்லீங்களா? தெரியுமுங்க. அது எனக்குத் தெரியற மாதிரி வேற ஒருத்தனுக்கும் தெரியாது.

நான் வக்கீல் இல்லீங்க, அத மொதல்லயே சொல்லிப்போடறேன். வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போயிருக்காங்க, ரெண்டு மணிக்கு வந்துருவாங்க. பதில எழுதறது நானு. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டு உங்ககூட உள்ள வர்றது அவங்க. பன்னெண்டு வருசமா இந்தப் புங்கமரத்தடியில உக்காந்து எழுதறேன். எதுத்தாப்புல தெரியுதே ஆர்டிஓ ஆபீசு, அதுக்குள்ள போற பதில்ல பாதி என்ற கையால எழுதுனதுதான்.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. மன்னிப்புங்கற வார்த்தை மட்டும் வரக்கூடாது. எழுத்துலயும் வரக்கூடாது, வாயிலயும் வரக்கூடாது. நம்ம டிரைவருக இருக்காங்களே, அத்தனை பேரும் இந்த ஒரு தப்பத்தான் பண்ணுவாங்க. ரோட்டுல காக்கிச்சட்டை கையக் காட்டுனா, 'தெரியாம நடந்துபோச்சுங்கய்யா, பெரிய மனசு பண்ணி உட்ருங்கய்யா'ன்னு சொல்லிச் சொல்லிப் பழகுன வாயி. அதையே கொண்டாந்து பதில்லயும் எழுதிக் குடுத்துருவாங்க. ரோட்டுல அது மரியாதைங்க. இந்த ஆபீசுக்குள்ள அது ஒப்புதல் வாக்குமூலம். நீயே ஒத்துக்கிட்ட, அப்பறம் எனக்கென்ன விசாரணைன்னு ஆபீசர் பேனாவ எடுத்துருவாரு.

நம்ம வரி வேற. கேளுங்க. 'எனது வாகனம் மிதமான வேகத்தில், சாலையின் இடதுபுறமாக, விதிகளுக்கு உட்பட்டுச் சென்றுகொண்டிருந்தது. எதிர்பாராத விதமாக மேற்படி நபர் கவனக்குறைவாகக் குறுக்கிட்டார்.' அவ்வளவுதான். எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன் தெரியுமுங்களா? பஸ்ஸு, லாரி, ஆட்டோ, கலியாண வண்டி, எல்லாத்துக்கும் இதே வரி. குறுக்க வந்தது யாரா இருந்தா நமக்கென்னங்க? மேற்படி நபர். அதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம்.

இத எனக்கு யாரும் சொல்லித் தரலைங்க. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு படுபாவி என்ற தலையில மண்ண வாரிப் போட்டான், அதுல தெரிஞ்சுக்கிட்டேன். இருங்க, மணி என்ன? பதினொன்னு பதினஞ்சா? இன்னம் அஞ்சு நிமிசத்துல ஒரு ஹாரன் சத்தம் கேக்கும் பாருங்க. கேட்டதுக்கப்பறம் சொல்றேன் அவன் கதைய. இல்ல, இப்பவே ஆரம்பிச்சர்றேன். கரண்டு வர்ற வரைக்கும் நமக்கும் வேற சோலி இல்ல.

நான் பொன்மயில் பஸ்ல டிரைவருங்க. நாச்சிமுத்துன்னா இந்த லைன்ல தெரியாதவங்க கெடையாது. காங்கயத்துல எடுத்தா தாராபுரம், பழனி, மறுபடியும் காங்கயம். பதினாலு வருசம் ஒரே வண்டி. எங்க தனியார் பஸ்ல அப்படித்தானுங்க. வண்டிக்கு ஒரு டிரைவர், அது அவன் வண்டி. மொதலாளி பேர்ல ஆர்சி இருக்கும், அவ்வளவுதான். காலைல கழுவி, மஞ்சள் வெச்சு, கண்ணாடிக்கு முன்னால மாலை போட்டு எடுத்தோம்னா, அதுல இன்னொருத்தன் உக்கார்றத நெனச்சுப் பாக்கவே முடியாது. என்ற பொண்டாட்டியே சொல்லுவா, உங்களுக்கு மூத்தாளு அந்த வண்டிதான்னு.

நான் லீவு போட்டா ஓட்டறதுக்கு ஒரு ஆக்டிங் டிரைவர் இருந்தான். பேரு ராக்கியண்ணன். வயசுல எனக்கு ஒரு வருசம் மூப்பு. ஆனா சொந்தமா ஒரு வண்டி கெடையாது. இன்னிக்கு இந்த வண்டி, நாளைக்கு அந்த வண்டி, யாரு லீவோ அவங்க சீட்டு. நல்லாத்தான் பழகுவான். வண்டிய எனக்குத் திருப்பிக் குடுக்கறப்போ கண்ணாடியெல்லாம் தொடச்சு வெச்சிருப்பான். என்ற மாலைய எடுத்துட்டு அவன் ஒரு மாலை போட்டிருக்க மாட்டான், நான் போட்ட மாலை காஞ்சிருந்தாலும் அதையே உட்டிருப்பான். அப்ப எனக்கு அது பெருசாத் தெரிஞ்சுதுங்க. இப்ப நெனச்சாத்தான் தெரியுது, எல்லாம் கண்ணு வெச்சு வேல பாத்திருக்கான்.

ஆடி மாசம். ஆலங்கியம் தாண்டி ஒரு வளைவு. ரெண்டு நிமிசம் லேட்டு. பொறத்தால இன்னொரு கம்பெனி பஸ்காரன் ஒட்டிக்கிட்டு வர்றான். அடுத்த ஸ்டாப்பிங்க்ல நான் முந்தலீன்னா அவன் ஆள ஏத்திக்குவான், டைம் ஆபீசுல வேற கேள்வி கேப்பாங்க. முன்னால ஒரு டிராக்டரு, கரும்பு லோடு, ஆமை மாதிரி போகுது. முந்தறதுக்கு வலது பக்கம் ஏறிட்டேன். எதுத்தாப்புல ஒரு மொபெட்டு. தக்காளிக் கூடைய வெச்சுக்கிட்டு ஒரு பொம்பள. ஹாரன் அடிச்சனுங்க. ஏர் ஹாரன். செத்தவனுக்கும் கேக்கும். அது மண்ணுல எறங்கியிருக்கலாமா இல்லையா? நீங்களே சொல்லுங்க, நீங்களும் வண்டி ஓட்டறவங்கதான?

என்னங்க? வளைவுலயான்னா? வளைவுதானுங்க. வளைவுல எல்லாருந்தான் ஏர்றான். நீங்க ஏறுனதில்லையா? இல்லையா? செரி உடுங்க.

உசுருக்கு ஒண்ணும் இல்லீங்க. கால்தான் போச்சு. ஒரு கால்தான்.

அதுக்கு எனக்கு நோட்டீசு வந்துச்சு. நான் என்னத்தக் கண்டேன்? அதுவரைக்கும் இந்த ஆபீசுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வந்ததோட செரி. ரெண்டு நாளு சோறு எறங்கல. மூணாம் நாளு ராக்கியண்ணன் ஊட்டுக்கு வந்தான். 'நாச்சி, நடந்தத நடந்தபடி எழுதிரு. ஒளிக்காத. மன்னிப்புக் கேளு. ஆபீசரும் மனுசன்தான், கொடலப் புடுங்கிற மாட்டாரு'ன்னான். நான் நம்புனேன். கூட்டாளின்னு நம்புனேன். அவன் பக்கத்துல உக்காந்திருந்தான், நான் எழுதுனேன். லேட்டாப் போச்சுங்க, டிராக்டர ஏறிட்டேனுங்க, மன்னிச்சுக்கோங்க. அரைப் பக்கம்.

ஆறு மாசம் போட்டுட்டாங்க அம்மணி. ஆறு மாசம்! இந்தா பாருங்க ஆர்டரு. பிளாஸ்டிக் கவர் போட்டு வெச்சிருக்கேன், பன்னெண்டு வருசமா பைல இருக்குது. நம்பர் வேணும்னாலும் சொல்றேன், ஆர் ஆறு, நாலாயிரத்து எழுநூத்திப் பதினெட்டு. படிங்க அந்த வரிய. 'ஓட்டுநர் தனது தவறை ஒப்புக்கொண்டதைக் கருத்திற்கொண்டு, ஓராண்டுக்குப் பதிலாக ஆறு மாத காலத்திற்கு...' பாத்தீங்களா? ஒப்புக்கொண்டதைக் கருத்திற்கொண்டு! எழுத்துலயே இருக்குது. நான் ஒத்துக்கிட்டதத்தான் புடிச்சுக்கிட்டாங்க. அந்த அரைப் பக்கம் இல்லீன்னா என்னை ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

ஏனுங்க, மறுபடி மறுபடி அதையே படிக்கறீங்க? எழுத்துப் புரியலைங்களா? குடுங்க இங்க.

அந்த ஆறு மாசம் என்ற வண்டிய யாரு ஓட்டுனது? கேளுங்க. அவந்தான்! ஆறு மாசம் கழிச்சு லைசென்ஸ வாங்கிட்டு மொதலாளி முன்னால போயி நின்னேன். 'வண்டி அவங்கிட்ட அலுங்காம ஓடுது நாச்சிமுத்து. ஒரு புகார் இல்ல. நீ இனி ஆக்டிங்கா இரு, அப்பறம் பாக்கலாம்'னுட்டாரு. என்ற வண்டிக்கு நானே ஆக்டிங்கா? வெளிய வந்தேன். வண்டி ஸ்டாண்டுல நிக்குது. கண்ணாடிக்கு முன்னால புது மாலை. சம்பங்கி. நான் போடறது மல்லி. அன்னிக்கு முடிவு பண்ணுனனுங்க. இனி ஸ்டேரிங்கத் தொடமாட்டேன். இந்த ஆபீசு வாசல்லயே உக்காருவேன். டிரைவர்னு இருந்தா என்னிக்காச்சும் ஒரு நாளு நோட்டீசு வரத்தான் செய்யும். அன்னிக்கு இவனும் என்ற மரத்தடிக்கு வருவான். வரட்டும்.

ஊட்டுக்காரி பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சா. நான் வக்கீலம்மாகிட்டச் சேந்தேன். சட்டப் புத்தகத்தத் தமிழ்ல வாங்கிக் குடுத்தாங்க, மனப்பாடம் பண்ணுனேன். பதினோரு வருசம் காத்திருந்தேன். வேற ஆராச்சும்னா மறந்திருப்பாங்க. எனக்கு மறதிங்கறதே கெடையாதுங்க.

அந்தா! கேட்டுதுங்களா? பாம் பாம் பாம்னு மூணு. பதினொன்னு இருவது. போறான் பாருங்க, பச்சை வண்டி, சம்பங்கி மாலை. இங்க ஸ்டாப்பிங் இல்ல, ஸ்கூல் இல்ல, ஆடு மாடு இல்ல, எதுக்கு ஹாரன்? எனக்குத்தான். தெனமும் அடிக்கறான். போறப்போ மூணு, ரெண்டே முக்காலுக்குத் திரும்பறப்போ மூணு. குத்திக் காட்டறான். ஏன்னு சொல்றேன், கேளுங்க.

போன பங்குனி உத்திரம் முடிஞ்சு ரெண்டு மாசம். நான் இதே எடத்துல உக்காந்திருக்கேன். தல குனிஞ்சு எழுதிக்கிட்டிருக்கேன், முன்னால நெழலு உழுந்துச்சு. நிமுந்து பாத்தா அவன். கையில நோட்டீசு. தாடியெல்லாம் வெளுத்து, கண்ணு உள்ள போயி. 'நாச்சி, எனக்கு எழுத வரல. நீதான் எழுதோணும்'னான். ஏனுங்க, எனக்கு எப்படி இருந்திருக்கும்? வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். 'வா ராக்கியண்ணா, உக்காரு'ன்னேன். நீங்க உக்காந்திருக்கற இதே சேருதான்.

ஒடனே எழுதல. நாளைக்கு வான்னேன். வந்தான். வக்கீலம்மா இல்ல, நாளானைக்கு வான்னேன். வந்தான். மூணு நாளு அலையவிட்டேன். அலையட்டுமே. நான் ஆறு மாசம் அலஞ்சனே.

நடந்தது என்னன்னா, பாத யாத்திரை சனம் ரோடு பூராப் போகுது. இவன் உருட்டிக்கிட்டுத்தான் போயிருக்கான், இருவதுக்கு மேல போகல. ஒரு பெரியவரு, செருப்பு கழண்டுபோச்சுன்னு பொசுக்குனு திரும்பிட்டாரு. பம்பர் தட்டி உழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சுபோச்சு. கண்டக்டரு பாத்திருக்கான். மோர்ப்பந்தல்காரங்க நாலு பேரு பாத்திருக்காங்க. அத்தனை பேரும், பெரியவரு மேலதான் தப்புன்னு சொல்றாங்க. செயிக்கற கேசுங்க அது. என்ற ரெண்டு வரிய எழுதி, நாலு சாட்சி பேரப் போட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்.

ஆனா அவனா ஒண்ணு சொன்னான். சத்தமில்லாமச் சொன்னான். 'நாச்சி, ஒரு நொடி நான் ரோட்டப் பாக்கல. மாலை அவுந்து கண்ணாடிக்குக் குறுக்க தொங்குச்சு. கைய நீட்டி எடுத்து உட்டேன். நிமுந்தா அவரு. பாத்துக்கிட்டிருந்தா நிறுத்தியிருப்பேன்.'

யாரும் பாக்கலைங்க அத. கண்டக்டருக்குத் தெரியாது, போலீசுக்குத் தெரியாது. அவனுக்கும் அந்த முருகனுக்குந்தான் தெரியும். இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. என்ற மடியில தானா வந்து உழுந்துச்சு அம்மணி. பதினோரு வருசம் காத்திருந்ததுக்கு.

நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? அவன் எனக்குச் சொன்ன அதே வார்த்தைய, வார்த்தை மாறாம அவனுக்கே சொன்னேன். 'ராக்கியண்ணா, நடந்தத நடந்தபடி எழுதிரு. ஒளிக்காத. மன்னிப்புக் கேளு. ஆபீசரும் மனுசன்தான், கொடலப் புடுங்கிற மாட்டாரு.' சொல்லிட்டு அவன் மொகத்தையே பாத்தேன். ஞாபகம் வருதான்னு. வரல போல இருக்குது. 'ஆமா நாச்சி, அதுதான் செரி'ன்னான்.

எழுதுனேன் பாருங்க. ரெண்டு பக்கம். பன்னெண்டு வருசத்துல நான் எழுதுனதுலயே அதுதானுங்க உசத்தி. மாலைய எழுதுனேன், கைய நீட்டுனத எழுதுனேன், ரோட்டப் பாக்காத அந்த ஒரு நொடிய ஒரு பத்தி எழுதுனேன். சாட்சி ஒருத்தர் பேரு கூடப் போடல. அடியில பெருசா மன்னிப்பு. கையி அப்படியே இனிச்சுதுங்க. வக்கீலம்மா கண்ணுல அது படாமப் பாத்துக்கிட்டேன். பாத்தா கிழிச்சுப் போட்டிருப்பாங்க, என்னையும் சேத்துக் கிழிச்சிருப்பாங்க.

படிச்சுக் காட்டுனேன். கண்ணுல தண்ணி உட்டான். அப்பறம், 'அவரு பேரப் போடலியே நாச்சி'ன்னான். 'பேரு எதுக்கு? மேற்படி நபர்னு போட்டிருக்கேன்'னேன். 'இல்ல, பேரப் போடு. வஞ்சியப்பன். மூலனூரு. பேரனுக்கு மொட்டை போடறதா வேண்டிக்கிட்டு நடந்து வந்தவரு'ன்னான். இவன் வாரம் தவறாம ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்துக்கிட்டிருந்திருக்கான். லீவு நாள்ல போயி அவருக்குக் கஞ்சி ஊட்டியிருக்கான். எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. சுருக்குக் கயித்த நான் மாட்டறேன்னா, இவன் முடிச்ச இறுக்கிக் குடுக்கறான். செரின்னு எழுதுனேன். வஞ்சியப்பன், மூலனூர்.

விசாரணைக்கு நானும் உள்ள போனேன். படிக்கத் தெரியாதவருக்கு உதவின்னு சொல்லி நொழஞ்சுக்கிட்டேன். அவன் மொகம் சுருங்கறத என்ற கண்ணால பாக்கோணுமுங்க. அதுக்குத்தான பதினோரு வருசம்.

இப்ப இருக்கறது ஆபீசரம்மா. நெம்பக் கண்டிப்பு. அந்தம்மா ரெண்டு பக்கத்தையும் படிச்சாங்க. மறுபடியும் மொதல்ல இருந்து படிச்சாங்க. அப்பறம் என்னைப் பாத்தாங்க. அவனப் பாக்கல, என்னை! 'இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். மூணு வருஷமா இந்த மேஜைக்கு வருது. எல்லாத்துலயும் வண்டி மிதமான வேகத்துல போகும், மேற்படி நபர் குறுக்க வருவார். அடிபட்டவருக்குன்னு ஒரு பேர் இருக்கறத இதுலதான் முதல்தடவையாப் பாக்கறேன்'னாங்க.

நான் கதவுப் பக்கமா ஒதுங்கிக்கிட்டேன்.

அப்பறம் ஒரு காகிதத்த எடுத்தாங்க. அந்தப் பெரியவரு மகன் எழுதிக் குடுத்திருக்கான். எங்கப்பாதான் திரும்பிட்டாரு, டிரைவர் மேல எங்களுக்குக் கோவம் இல்ல, அவரு எங்க ஊட்டு ஆளு மாதிரி வந்து பாக்கறாருன்னு. போலீசு ரிப்போர்ட்டுலயும் கண்டக்டர் சொன்னது, மோர்ப்பந்தல்காரங்க சொன்னது எல்லாமே இருந்திருக்குது. நான் ஒளிச்சு வெச்சேன்னு நெனச்சது அத்தனையும் அந்த மேசை மேல இருக்குது! ஆபீசரம்மா அவனப் பாத்து, 'இனிமே கண்ணாடிக்கு முன்னால மாலை போடாதீங்க. பக்கவாட்டுல போடுங்க'ன்னு சொல்லி, எச்சரிக்கையோட ஃபைல மூடிட்டாங்க. ஒரு நாள் கூட லைசென்ஸ் போகல. ஒரு நாள் கூட!

எனக்கு ரத்தம் கொதிச்சுது. எனக்கு ஆறு மாசம், அவனுக்கு மாலைய நகத்திப் போடுன்னு புத்திமதியா? ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம், ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்டோம். அவனுக்கு மட்டும் எப்படிங்க? ஏதோ கைவரிசை காட்டியிருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் அதுக்குத்தான். நடிப்பு.

வெளிய வந்ததும், இந்த மரத்தடியில, அத்தனை சனத்துக்கு முன்னால என்ற ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். 'என்ற வண்டியக் காப்பாத்திக் குடுத்துட்ட நாச்சி'ன்னான். என்ற வண்டி! பதினாலு வருசம் நான் மல்லி போட்ட வண்டி. கைய உருவிக்கிட்டேன். அதுக்கப்பறம்தான் இந்த ஹாரன். நன்றியாம். கண்டக்டர்கிட்டச் சொல்லி உட்டிருக்கான், நாச்சி இருக்கற எடத்தத் தாண்டறப்போ கும்புடறதுக்குப் பதிலா அடிக்கறேன்னு. ஒரு நாளைக்கு ஆறு தடவ காதுக்குள்ள ஊசிய ஏத்தற மாதிரி இருக்குதுங்க எனக்கு.

போறப்போ இன்னொண்ணு சொன்னான். 'ஒருக்கா அந்த ஆலங்கியத்து அம்மாவப் போயிப் பாத்துட்டு வா நாச்சி. நான் அந்தப் பக்கம் போனா எட்டிப் பாக்கறதுதான். செயற்கைக் கால் செட்டாகல, கட்டையோடதான் நடக்குது. நீ எப்படி இருக்கறேன்னு இன்னமும் கேக்குது'ன்னு. பேரச் சொல்லித்தான் சொன்னான். நான் காதுல வாங்கல. எனக்கு அப்ப அதா முக்கியம்?

செரி, கரண்டு வந்துருச்சு பாருங்க. ஜெராக்ஸ்காரன் மிசினப் போட்டுட்டான். உங்களுக்கு எழுதீரலாம். அடிபட்ட ஆளு கொத்தனாருன்னு இருக்குது. சைக்கிள்ல வந்திருக்காரு. நல்லதாப் போச்சு, சைக்கிள்காரன் லைட்டு வெச்சிருக்க மாட்டான். பகல்லயா? பகல்னா வேற சொல்லலாம். இந்தா, நம்ம வரிய எழுதியாச்சு. எனது வாகனம் மிதமான வேகத்தில். மேற்படி நபர். கையெழுத்துப் போடுங்க.

ஏனுங்க, பேனாவ வாங்கி மேற்படி நபர்ங்கறத எதுக்கு அடிக்கறீங்க? அம்மணி, அது பத்திரக் காகிதம் இல்லீன்னாலும் அடிக்கக் கூடாதுங்க, ஆபீசுல வாங்க மாட்டாங்க. என்ன எழுதறீங்க அதுக்கு மேல? காட்டுங்க. அங்கமுத்து. அதாருங்க? கொத்தனாரா? அவரு பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்? நோட்டீசுல இல்லையே. போயிப் பாத்தீங்களா? எத்தன தடவ?

இத்தன நேரம் நான் சொன்னது உங்க காதுல ஏறவே இல்லீங்களா? உங்க லைசென்ஸு, உங்க பொழப்பு. அப்பறம் என்னைக் கொற சொல்லக் கூடாது.

என்ன கேட்டீங்க? என்ற மேற்படி நபருக்கா? பேரா?

இருங்க, சொல்றேன். இருந்துச்சுங்க பேரு. நோட்டீசுல போட்டிருந்துச்சு. நோட்டீச வெச்சிருக்கல, ஆர்டர்தான் இருக்குது. ஆர்டர்ல இருக்கும், இருங்க. இந்தா. 'மேற்படி விபத்தில்... மேற்படி நபருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ்...' இதுலயும் அப்படித்தான் போட்டிருக்கானுக. பின்னால பாக்கலாம். பின்னால ஒண்ணும் இல்ல, சீல்தான்.

வண்டி நம்பர் சொல்றேன் கேளுங்க. ஆர்டர் நம்பர் சொன்னனே? அன்னிக்கு வியாழக்கிழமை. தக்காளிக் கூடை. ரோடு பூரா தக்காளி. பச்சைச் சேல, மஞ்சக் கரை போட்டது. ஹாரன் அடிச்சப்போ அது என்னை நிமுந்து பாத்துச்சுங்க, அந்த மொகங்கூட அப்படியே நிக்குது. பேருதான்.

அவனுக்குத் தெரியும். ராக்கியண்ணனுக்கு. கேட்டாச் சொல்லிருவான். போயும் போயும் அவங்கிட்டயா நான் போயிக் கேக்கோணும்? இங்க ஸ்டாப்பிங் கெடையாது. ஆனா ரெண்டே முக்காலுக்குத் திரும்பறப்போ நான் கையக் காட்டுனா நிப்பான், பிரேக்க மிதிச்சு அப்படியே நிப்பான்.

காட்ட மாட்டேங்க. செத்தாலும் காட்ட மாட்டேன்.

மணி என்னங்க அம்மணி ஆச்சு இப்ப?